பாட்டு ஒண்ணு... தட்டு ரெண்டு!

ஒரிஜினல் ரெக்கார்டைத்தான் போடணுமா, ரீ-இஷ்யூ போட்டா குத்தமா? இங்கிலாந்தின் சோல் டி.ஜே.க்கள் நடுவே ஐம்பது வருஷமா ஓடுற பஞ்சாயத்து!

ஏழே ஏழு இன்ச் அகலம். நடுவில் ஒரு ஓட்டை. மூணு நிமிஷம்கூட ஓடாத ஒரு பாட்டு. விலை என்ன தெரியுமா பாஸ்? ஒரு லட்சம் பவுண்டு! நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்!

ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' என்ற அமெரிக்க சோல் பாட்டின் ஒரிஜினல் இசைத்தட்டு, 2020-ல் இங்கிலாந்தில் இந்த விலைக்குத்தான் கைமாறியது. அதே பாட்டை, அதே குரலில், அதே ஏழு இன்ச் தட்டில், ஒரு பீட்சா வாங்குகிற காசுக்கும் வாங்கலாம். அதற்குப் பெயர் ரீ-இஷ்யூ. அதாவது, பழைய பாட்டைப் புதிதாக அச்சடித்து வெளியிடுவது.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் ஒரு டி.ஜே. எதிரே ஐந்நூறு பேர் ஆடத் தயாராக நிற்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது பீட்சா விலைத் தட்டு. போடுவீர்களா, மாட்டீர்களா?

"இதென்ன கேள்வி... பாட்டு ஓடினா போதாதா?" என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் மேட்டரே இருக்கு. இங்கிலாந்தில் பல சோல் இரவுகளில் 'ஓ.வி.ஓ.' என்று ஒரு சட்டம் உண்டு. 'ஒரிஜினல் வினைல் ஒன்லி' என்பதன் சுருக்கம். பாட்டு முதன்முதலில் வெளிவந்தபோது அச்சான தட்டைத் தவிர வேறு எதையும் மேடையில் போடக் கூடாது. மீறி ரீ-இஷ்யூ போட்டால், ஆட்டம் முடிந்ததும் பின்னால் நாலு பேர் முணுமுணுப்பார்கள். அடுத்த மாதம் அந்த டி.ஜே.க்கு அழைப்பு வராமலும் போகலாம்.

இது வெட்டி பந்தாவா, அல்லது நியாயமான கட்டுப்பாடா? ரெண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வருவோம், வாங்க!

தோல்வியில் பிறந்த கொண்டாட்டம்

முதலில் ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனி ஹிட்டுக்கு மேல் ஹிட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. தேவாலயத்தில் பாடிப் பழகிய கறுப்பினக் குரல்கள், துள்ளுகிற தாளம், தாம்பூரின் சத்தம், மனசைப் பிழியும் காதல் வரிகள். அந்த ஃபார்முலாவைப் பார்த்து டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலீஸ் என எல்லா ஊர்களிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. இருக்கிற காசைப் போட்டு ஒரு பாட்டை ரெக்கார்டு பண்ணுவார்கள். சில நூறு தட்டுகள் அடித்து ரேடியோ ஸ்டேஷன்களுக்கு அனுப்புவார்கள். ஒரு சிலது ஹிட். மற்றதெல்லாம் குடோனுக்கு. பாடினவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார்.

இந்தத் தோற்றுப்போன தட்டுகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது, கடல் தாண்டி இருந்த வட இங்கிலாந்து. மான்செஸ்டர், ஸ்டோக், விகன், பிளாக்பூல்... ஆலைகளும் சுரங்கங்களும் சூழ்ந்த பகுதி. வாரம் முழுக்க உழைத்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி விடிய விடிய ஆடுவதற்கு அந்த வயசுப் பசங்களுக்கு வேகமான பாட்டு வேண்டும். 60-களின் நடுவில் வந்த அந்த ஸ்டைல் சோல்தான் அவர்களுக்குப் பிடித்தது. ஆனால், அமெரிக்காவில் ட்ரெண்டு மாறி எல்லோரும் ஃபங்க் பக்கம் போய்விட்டார்கள்.

லண்டன் கோவென்ட் கார்டனில் 'சோல் சிட்டி' என்று ரெக்கார்டு கடை வைத்திருந்த பத்திரிகையாளர் டேவ் காடின் இதைக் கவனித்தார். கால்பந்து மேட்ச் பார்க்க லண்டன் வரும் வடக்கத்திப் பசங்க லேட்டஸ்ட் தட்டுகளைச் சீண்டுவதே இல்லை. பழைய வேகப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காக அவர் வைத்த பெயர்தான் 'நார்தர்ன் சோல்'. 1970-ல் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதவும் செய்தார். பெயர் நின்றுவிட்டது.

இப்போ லாஜிக்கைப் பிடியுங்கள். அந்த ஸ்டைலில் புதுப் பாட்டு யாரும் போடுவதில்லை. ஆனால் ஆட வருகிறவர்களுக்கோ வாரா வாரம் புதுசு வேண்டும். என்ன வழி? யாரும் கேட்டிராத பழைய பாட்டைத் தோண்டி எடுப்பதுதான் ஒரே வழி. தோற்றுப்போன பாட்டுதான் அங்கே புதுப் பாட்டு! தோண்டி எடுக்கத் தெரிந்த டி.ஜே.தான் அங்கே ஹீரோ!

லேபிள் மேல ஒரு வெள்ளைப் பேப்பர்

மான்செஸ்டரின் 'ட்விஸ்டட் வீல்', ஸ்டோக் அருகே டன்ஸ்டாலில் 'கோல்டன் டார்ச்', 'பிளாக்பூல் மெக்கா' என்று இந்த ஆட்டத்துக்குப் பல கோயில்கள் இருந்தன. மூலஸ்தானம் என்றால் 'விகன் காசினோ'தான். பேரைப் பார்த்து சூதாட்டக் கிளப் என்று நினைக்காதீர்கள். அது ஒரு பழைய நடனக்கூடம். மது விற்பனை கிடையாது. 1973 செப்டம்பரில் ஆரம்பித்து 1981 டிசம்பர் வரை, சனி நள்ளிரவு தாண்டித் தொடங்கி ஞாயிறு காலை 8 மணி வரை ஆட்டம். கால் வழுக்கிச் சுழல தரையில் டால்கம் பவுடர். வியர்த்து நனைந்தால் மாற்ற கையில் ஒரு பை நிறைய துணி.

இங்கே டி.ஜே.க்கள் நடுவில் போட்டி என்றால் போட்டி, அப்படி ஒரு போட்டி. ஒருவர் கண்டுபிடித்த பாட்டை இன்னொருவர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக லேபிள் மேல் வெள்ளைப் பேப்பரை ஒட்டிவிடுவார்கள். பாடகர் பேரையும் பாட்டுப் பேரையும் மாற்றிச் சொல்வார்கள். இதற்குப் பெயர் 'கவர்-அப்'. இது அவர்களாகக் கண்டுபிடித்த டெக்னிக்கும் இல்லை. 1950-களிலேயே ஜமைக்காவில் சவுண்டு சிஸ்டம் நடத்திய காக்சன் டாட், வில்லிஸ் ஜாக்சனின் அமெரிக்கத் தட்டு ஒன்றின் லேபிளைச் சுரண்டிவிட்டு 'காக்சன் ஹாப்' என்று தன் பேரையே சூட்டி ஓட்டியவர்!

நாம் ஆரம்பத்தில் பார்த்த ஃபிராங்க் வில்சன் பாட்டும் இப்படித்தான், 'எடி ஃபாஸ்டர்' என்ற டூப்ளிகேட் பேரில் விகனில் ஓடியது. அந்தப் பாட்டின் கதை செம கதை. 1965-ல் மோட்டவுனில் பதிவானது. முன்னோட்டத் தட்டுகள் சுமார் 250 அடித்தார்களாம். அதற்குள் மோட்டவுன் முதலாளி பெரி கார்டி, "பாடகரா, தயாரிப்பாளரா... எது வேணும்?" என்கிற ரீதியில் கேட்க, வில்சன் தயாரிப்பாளர் பக்கம் போய்விட்டார். பாட்டு வெளியாகவில்லை. தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். வில்சன் பின்னாளில் சுப்ரீம்ஸ் குழுவுக்கும் எடி கெண்ட்ரிக்ஸுக்கும் பெரிய ஹிட்டுகள் தயாரித்துப் புகழோடு வாழ்ந்து 2012-ல் மறைந்தார். அவர் கைகழுவிய பாட்டு, அவருக்கே தெரியாமல் கடல் கடந்து விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது.

ஒரிஜினல் கட்சி என்ன சொல்லுது?

முதல் பாயின்ட்: உழைப்பு. குடோன் குடோனாக அலைந்து, தூசியில் தும்மி, ஆயிரம் மொக்கைத் தட்டுகளைக் கேட்டு, ஒரே ஒரு வைரத்தைக் கண்டுபிடிக்கிறவர்தான் டி.ஜே. உதாரணம் வேண்டுமா? 1965-ல் குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெய்ன்டட் லவ்' ஒரு தட்டின் பின்பக்கத்துப் பாட்டாக வந்து யாருக்கும் தெரியாமலே போனது. 1973-ல் அமெரிக்காவுக்கு ரெக்கார்டு வேட்டைக்குப் போன டி.ஜே. ரிச்சர்ட் சியர்லிங் கண்ணில் அது பட்டது. வட இங்கிலாந்து ஆட ஆரம்பித்தது. 1981-ல் 'சாஃப்ட் செல்' அதை சின்தசைசரில் மறுபடி பாடி, பிரிட்டனில் நம்பர் ஒன் ஆக்கினார்கள். அந்த வேட்டை நடக்காமல் இருந்திருந்தால்? உலகத்துக்கு அந்தப் பாட்டே தெரிந்திருக்காது. "யாரோ தேடி, யாரோ தொகுத்து, யாரோ கடையில் அடுக்கி வைத்ததை வாங்கிப் போடுறதுக்கு டி.ஜே. எதுக்கு?" என்கிறது இந்தக் கட்சி. யோசிக்க வைக்கிற கேள்விதான்.

ரெண்டாவது பாயின்ட்: திருட்டு. 1970-களில் ஒரு பாட்டு டான்ஸ் ஃப்ளோரில் ஹிட்டானால் போதும். அதைப் பார்த்துத் திருட்டுத் தட்டு அடித்து விற்க ஒரு கூட்டம் காத்திருந்தது. வில்சன் பாட்டுக்கும் அதே 'எடி ஃபாஸ்டர்' பேரில் திருட்டுத் தட்டு வந்தது! ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு எடுத்த நகல் என்பதால், போர்வைக்குள் இருந்து கேட்கிற மாதிரி சத்தம். பாடினவருக்கும் எழுதினவருக்கும் பைசா கிடையாது. ஓ.வி.ஓ. சட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கு. ஒரிஜினல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் திருட்டுத் தட்டுக்கு மேடையில் இடமே இல்லையே!

மூணாவது பாயின்ட்: சத்தம். அந்தக் காலத்துச் சிங்கிள் தட்டுகள் ஜூக்பாக்ஸிலும் ரேடியோவிலும் பளிச்சென்று கேட்க வேண்டும் என்றே சத்தமாக வெட்டப்பட்டவை. மோனோவில் கலந்தவை. சில மறுவெளியீடுகளில் வேறு ஸ்டீரியோ கலவையைப் போட்டுவிடுகிறார்கள். தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிரிந்து, அந்தப் பழைய 'அடி' காணாமல் போகிறது. காது பழகினவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

ரீ-இஷ்யூ கட்சி என்ன சொல்லுது?

"காசு யாருக்குப் போகுது, சொல்லுங்க பார்ப்போம்" என்றுதான் இவர்கள் ஆரம்பிப்பார்கள்.

டாரல் பேங்க்ஸ் என்ற பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் அவர் பாடிய 'ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் நல்ல ஹிட். அதனால் அமெரிக்கத் தட்டுகள் ஏராளம், விலையும் குறைவு. பிரிட்டனில் 'லண்டன்' லேபிள் அதை வெளியிடப் போக, உரிமை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. 'லண்டன்' லேபிள் ஒட்டிய தட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே காணாமல் போயின. தப்பித்த தட்டு ஒன்று 2014-ல் 14,543 பவுண்டுக்கு ஏலம் போனது. அப்போதைய கணக்கில் சுமார் 14 லட்சம் ரூபாய். அதே பாட்டின் அமெரிக்க ஒரிஜினல், அந்த விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. குரல் அதே, தாளம் அதே, பதிவு அதே. வித்தியாசம் லேபிளில் மட்டும்தான்!

டாரல் பேங்க்ஸ் 1970-லேயே இறந்துவிட்டார். அந்த 14 லட்சத்தில் அவர் குடும்பத்துக்குப் பங்கு கிடையாது. ஏன்? பழைய தட்டு கைமாறும்போது விற்றவருக்கும் ஏலக்காரருக்கும்தான் காசு. பாடினவருக்கு முதல் விற்பனையோடு கதை முடிந்தது. ஃபிராங்க் வில்சன் தட்டு 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனபோதும் இதே கதைதான், 2020-ல் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனபோதும் இதே கதைதான். அதற்கு மாறாக, முறையாக உரிமம் வாங்கி வெளியிடும் ரீ-இஷ்யூவில், ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் பாட்டை எழுதினவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் பங்கு போயாக வேண்டும்.

அடுத்த பாயின்ட் இன்னும் ஷார்ப். "ரீ-இஷ்யூ இல்லாத நார்தர்ன் சோல் எப்போ இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். 'தி டாம்ஸ்' குழு 1964-ல் பாடிய 'ஹே கேர்ள் டோன்ட் பாதர் மீ' வடக்கத்தி டான்ஸ் ஃப்ளோர்களில் பிரபலமானதால் மறுபடி வெளியிடப்பட்டு, 1971-ல் பிரிட்டனில் நம்பர் ஒன் ஆனது. ஆர். டீன் டெய்லரின் 1967 பாட்டு ஒன்று, அதேபோல 1974-ல் மறுவெளியீடாக வந்து மூன்றாம் இடம் பிடித்தது. இன்னொரு ரகசியம்... அந்தப் பொற்காலத்து டி.ஜே.க்களே பலர், கிடைக்காத தட்டை நண்பரிடம் வாங்கி, ஸ்டுடியோவில் கொடுத்து 'அசிடேட்' என்ற ஒற்றை நகல் தட்டு வெட்டிக்கொண்டு வந்து போட்டவர்கள். புனிதமான அந்தக் காலத்திலேயே நகல் ஓடியிருக்கு பாஸ்!

மூணாவது பாயின்ட், தட்டின் ஆயுள். 60-களின் அமெரிக்கச் சிங்கிள்களில் பல, வினைலே இல்லை. 'ஸ்டைரீன்' என்ற மலிவான பிளாஸ்டிக். பாட்டு சரியாக ஆரம்பிக்கிற இடத்தைப் பிடிக்க டி.ஜே. ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் சுற்றுவார் இல்லையா? ஸ்டைரீன் தட்டில் அந்த இடம் சீக்கிரமே தேய்ந்து 'கர்ர்ர்' என்று இரைய ஆரம்பித்துவிடும். உலகத்திலேயே நாலைந்துதான் மிச்சம் என்கிற தட்டை வாரா வாரம் ஊசியால் உழுவது பாதுகாப்பா, அழிவா?

கடைசியாக, வயசு. உங்கள் வயசில் ஒரு பையனோ பொண்ணோ இன்றைக்கு சோல் டி.ஜே. ஆக ஆசைப்படுகிறார்கள் என்று வையுங்கள். பெட்டி நிறைய ஒரிஜினல் வேண்டும் என்றால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். விகனில் ஆடியவர்களும் பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்தான். இன்றைய விலையில் அவர்களாலேயே இந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்திருக்க முடியாது!

பிறந்ததே ரீ-இஷ்யூவில்!

ரெண்டு கட்சியையும் திணறடிக்கிற ஒரு பாட்டு இருக்கு. மெல்பா மூர் பாடிய 'தி மேஜிக் டச்'. 1960-களில் பதிவு செய்யப்பட்டது. ஆனால், அப்போது தட்டாக வெளிவரவே இல்லை. டேப் பெட்டிக்குள்ளேயே இருபது வருஷம் தூங்கியது. பழைய சோல் பதிவுகளை உரிமத்தோடு வெளியிட 1982-ல் லண்டனில் தொடங்கிய 'கென்ட்' லேபிள்காரர்கள் அதைக் கண்டுபிடித்து, ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டின் '100 கிளப்' ஆட்டத்துக்காக 1986-ல் தட்டாக அடித்தார்கள். டான்ஸ் ஃப்ளோர் அதிர்ந்தது.

இப்போ சொல்லுங்க, இதுக்கு ஒரிஜினல் எது? ரீ-இஷ்யூ லேபிள் அடித்த 1986 தட்டுதான் ஒரிஜினல்! தேடல் என்பது டி.ஜே. குடோனில் செய்வது மட்டும் இல்லை. கம்பெனியின் டேப் அறையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கேட்பவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

2003-ல் சிகாகோவில் ஆரம்பித்த 'நியூமெரோ குரூப்' இன்னொரு உதாரணம். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 'கேப்சோல்' என்று ஒரு குட்டிக் கம்பெனி 70-களில் இருந்தது. வெளியூரில் யாருக்கும் தெரியாது. சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, உரிமம் வாங்கி, அவர்கள் கதையையும் புகைப்படங்களையும் சேர்த்து 2004-ல் நியூமெரோ ஒரு தொகுப்பாக வெளியிட்டது. பழைய தட்டில் லேபிளில் ஒரு பேர் மட்டும்தான் இருக்கும். இங்கே அந்தப் பேருக்குப் பின்னால் இருந்த மனுஷங்களும் கிடைக்கிறார்கள்.

அதற்காக ரீ-இஷ்யூ என்றாலே தர்மம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 60-களின் ஒப்பந்தங்கள் பலவும் பாடகரை மொட்டையடித்த ஒப்பந்தங்கள். பதிவின் உரிமை கம்பெனியிடம் போய்விட்டிருந்தால், ரீ-இஷ்யூ காசு கம்பெனிக்குப் போய், பாடினவர் கைக்கு வராமலே நின்றுவிடவும் வாய்ப்பு உண்டு. சும்மா 'ரீ-இஷ்யூ' என்று சொல்லிவிட்டால் ஆச்சா? யாரிடம் உரிமம் வாங்கினார்கள், பாடினவரைத் தேடினார்களா என்பதுதான் முக்கியம்.

எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கும். அதில் பொடி எழுத்தில் எண்கள். அதுதான் தட்டின் ஜாதகம். ஒரிஜினலில் அச்சால் குத்திய முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், கையால் கிறுக்கிய எண் இருந்தால் உஷார்!

முறையான ரீ-இஷ்யூவில், யாரிடம் உரிமம் பெற்றது என்ற வரி லேபிளிலோ உறையிலோ இருக்கும். வெளியிட்ட கம்பெனியின் பேர், ஆண்டு எல்லாம் தெளிவாக இருக்கும். 'நான் புதுசுதான்' என்று அது வெட்கப்படாமல் சொல்லும்.

திருட்டுத் தட்டு அப்படி இல்லை. பழைய லேபிளை அப்படியே காப்பியடித்திருக்கும், உரிமம் பற்றிப் பேச்சே இருக்காது, கம்பெனிக்கு முகவரி இருக்காது. சத்தமும் மங்கலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரி, தீர்ப்பு என்ன?

ஒரே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஃபிராங்க் வில்சன் தட்டு ஏன் ஒரு கோடி? அபூர்வம் என்பதாலா? உலகத்தில் ஒரே ஒரு பிரதி மட்டும் மிச்சமிருக்கும் மொக்கைப் பாட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் சீண்டுவதில்லை. இந்தப் பாட்டை ஆயிரக்கணக்கான பேருக்குத் தெரியும், பிடிக்கும், கேட்டதும் கால் தானாக ஆடும். அதனால்தான் அந்த விலை! எப்படித் தெரிந்தது? தப்பிப் பிழைத்த நாலைந்து ஒரிஜினலை எத்தனை பேர் கேட்டிருக்க முடியும்? 1970-களின் நகல்கள், 1979-ல் டாம்லா மோட்டவுன் பிரிட்டனில் முறைப்படி வெளியிட்ட தட்டு, அப்புறம் வந்த தொகுப்புகள்... இவை எல்லாம் ஊர் ஊராகப் பரப்பியதால்தான். ஒரிஜினலுக்கு விலை ஏற்றிவிட்டதே பிரதிகள்தான் பாஸ்! அந்தப் பிரதியை வாசலிலேயே நிறுத்தி 'உனக்கு உள்ளே இடமில்லை' என்பது என்ன நியாயம்?

ஆக, 'ஒரிஜினலா, ரீ-இஷ்யூவா' என்பதே தப்பான கேள்வி. தட்டைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்று, பாடினவருக்கும் எழுதினவருக்கும் சேர வேண்டியது சேர வழி இருக்கா? இரண்டு, டி.ஜே. உண்மையைச் சொல்றாரா? ரீ-இஷ்யூ என்றால் ரீ-இஷ்யூ என்று தைரியமாகச் சொல்லட்டுமே! மூன்று, அவர் புதுசா எதையாவது தேடிக் கொண்டுவந்தாரா, அல்லது எல்லோரும் போடுகிற அதே இருபது பாட்டைத்தான் போடுகிறாரா?

இந்த மூன்றிலும் திருட்டுத் தட்டு முதல் கேள்வியிலேயே அவுட். அதில் ஒரிஜினல் கட்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால், திருட்டைத் தடுக்கப் போட்ட வேலி, இன்றைக்கு உரிமம் வாங்கி வந்த நல்ல தட்டையும் காசில்லாத நல்ல டி.ஜே.யையும் சேர்த்துத் தடுக்கிறது. ஒரிஜினல் மட்டும் போடும் சிறப்பு இரவுகள் தாராளமாக இருக்கட்டும். அந்த மோனோ அடியை நேரில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகட்டும். ஆனால், எல்லா மேடைக்கும் அதையே சட்டமாக்கினால், கடைசியில் மேடையில் நிற்பது நல்ல காது உள்ளவர் இல்லை, நல்ல பேங்க் பேலன்ஸ் உள்ளவர்.

டி.ஜே.யின் திறமை தட்டின் விலையில் இல்லை. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு, களைத்துப்போன கூட்டத்தை அதிகாலை 4 மணிக்கு எழுப்புவது எது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. விகன் காசினோவில் ஒவ்வொரு வாரமும் காலை 8 மணிக்கு முன் கடைசியாக ஓடியவை, ஜிம்மி ராட்கிளிஃப், டோபி லெஜண்ட், டீன் பாரிஷ் பாடிய அதே மூன்று பாட்டுகள். வாரா வாரம் மாறாமல் அதே மூன்று! அபூர்வத்துக்கு அலைந்த அதே கூட்டம், எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்து ஆடிவிட்டு வீட்டுக்குப் போனது.

அன்றைக்கு விகனில் சுழன்று ஆடிய பசங்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயசு. 2023 ஜூலையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பி.பி.சி.யின் புகழ்பெற்ற 'ப்ராம்ஸ்' இசைவிழாவில் நார்தர்ன் சோலுக்கென்றே ஒரு இரவு ஒதுக்கினார்கள். முழு ஆர்கெஸ்ட்ராவோடு கச்சேரி! அங்கே யாரும் ஒரிஜினல் தட்டைக் கேட்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஸ்டுடியோவில் யாரோ உயிரைக் கொடுத்துப் பாடித் தோற்றுப்போன பாட்டு இன்னும் அறுபது வருஷம் ஓட வேண்டுமென்றால், அதை அடுத்து எடுத்து ஓட்டப்போவது உங்கள் வயசுக்காரர்கள்தான்.

இப்போ மறுபடி அதே கேள்வி. எதிரே ஐந்நூறு பேர். உங்கள் கையில் பீட்சா விலைத் தட்டு. முறையாக உரிமம் வாங்கியது, சத்தமும் பக்கா.

யோசிக்காதீங்க பாஸ்... ஊசியை வையுங்க!